புல் எடுத்த இடம்

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் பக்கத்துப் பலகை வீட்டில் குடியிருந்தவரிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார். "எங்கே எடுத்தது?"

மாங்காய் என்றாலும் அதே கேள்வி, ஒரு கட்டு விறகு என்றாலும் அதே கேள்வி. பதில் சொன்ன பிறகுதான் கை நீட்டுவார். "சந்தையில வாங்கினதுண்ணே" என்றால் போதாது. சந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டேன். உறவு ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, தனியாகக் கிடந்த எனக்கு அந்த இரண்டு பேர்தான் துணை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

நெடுநெடுவென்ற ஆள். கழுத்தின் பின்பக்கம் வெயிலில் கரியாகியிருக்கும். சட்டையைக் கழற்றினால் அதற்குக் கீழே வேறு யாருடைய உடம்போ போல வெளுத்திருக்கும். நடக்கும்போது தரையைப் பார்த்தபடிதான் நடப்பார். எதிரே வருகிறவர்களை அவருக்குக் காலை வைத்துத்தான் அடையாளம் தெரியும் என்று அண்ணி கேலி செய்வாள்.

சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் சர்க்கார் தாவரக் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. காடு மேடெல்லாம் போய்ச் செடி பிடுங்கிக்கொண்டு வருவது. அதிலும் கடைசிச் சில வருஷங்கள் ஒரே ஒரு புல்லுக்காக அவரை அலைய விட்டார்கள். நடந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும் புல் இருக்கிறதே, மலாய்க்காரர்கள் கெமுஞ்சுப் என்பார்கள், அதன் சாதியில் ஒன்று. சாதாரண கெமுஞ்சுப் ரோட்டோரம் எங்கும் முளைக்கும். இவருடைய புல் அப்படி இல்லை. மலாக்கா, நெகிரி, ஜொகூர் மூன்றையும் சேர்த்தாலும் அது முளைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். அத்தனை இடத்துக்கும் நடந்தே போயிருக்கிறார். பிடுங்கிய புல்லைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, கீழ் மூலையில் எழுதுவார்: எந்த இடம், எந்தத் தேதி, என்ன மண், பக்கத்தில் என்ன இருந்தது, ஆள் நடமாட்டம் உண்டா. ஒரே புல்லை இரண்டு தாளில் ஒட்டி, ஒன்றைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றொன்றைத் தானும் வைத்திருப்பார். ஜப்பான்காரன் வந்து துரைமார்கள் சிறைக்குப் போனதும், ஒரு தகரப் பெட்டி நிறையத் தாள்களோடு மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார்.

"இதையெல்லாம் யாருண்ணே பார்ப்பாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரோ ஒருத்தன் பார்ப்பான்மா. நாம எல்லாம் போன பிறகு. அவன் இதை நம்பித்தான் அந்த இடத்துக்குப் போவான். தப்பா எழுதினா அவனை நடுக்காட்டுல நிறுத்தின மாதிரி."

எங்கள் தெருவில் சிட்டி வீட்டு அம்மா ஒருத்தி இருந்தாள், மலாக்காவின் பழைய தமிழ் வம்சம். தமிழ் வராது, மலாய்தான் பேசுவாள். ஒரு நாள் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கம்போலக் கேட்டார். "வீட்டுக்குப் பின்னால்தான்" என்றாள் அவள். கீரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உன் வீட்டுக்குப் பின்னால் முளைச்சது இல்லை. சீனர் இடுகாட்டுப் பள்ளத்துல முளைச்சது" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அண்ணி கீரையைக் கழுவப் போனாள். பஞ்ச காலம், எங்கே முளைத்தால் என்ன. அவரும் சாப்பிட்டார். இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். கள்ள அரிசி பிடிக்க ஒரு நாள் போலீஸ்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரிசி எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான், தெரியாது. அதைச் சொல்லிவிட்டால் ஒரு அறையோடு விட்டுவிடுவார்கள். இவர் மட்டும், "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார்.

அன்று முழுக்க அவரை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடித்தார்கள். சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்து, அண்ணி மஞ்சள் அரைத்துப் போட்டாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் அழுகிடுமா?" என்று அழுதாள்.

"எனக்குத்தான் தெரியுமே" என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு அவள் கேள்வி புரியவில்லை.

அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்டவர், மெலிந்தவர், கொஞ்சம் மலாய் பேசுவார். சண்டைக்கு முன்னால் அவர் ஊரில் செடிகொடி படித்தவராம். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு கையால் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அண்ணனை "இஞ்சே" என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டார். அடுத்தடுத்தும் வந்தார். வரும்போது சர்க்கரையோ தீப்பெட்டியோ கொண்டுவருவார். கடைசியில், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தாள்களை வாங்கிக்கொண்டு போனார். தெருவில் ஜப்பான் கார் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். பேச்சு வளர்ந்தது. சர்க்கரையில் எனக்கும் பங்கு வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் என் அக்கா ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். தோட்டத்தில் வேலை நின்று, அரிசியும் நின்று போனதும், சில குடும்பங்களோடு அவளும் எங்கேயோ உள்ளே போய்க் காலி நிலத்தில் மரவள்ளி நட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். எந்த இடம் என்று சேதி கொண்டுவந்தவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. குருபோங்கைத் தாண்டி ரொம்ப தூரம் என்றான். அத்தானும் சயாமுக்குப் போனவர்தான். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் கிழங்கு தின்றாவது உயிரோடு இருக்கிறார்களே என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் கார் வந்தது. அதிகாரி இறங்கவில்லை. சிப்பாய் வந்து அண்ணனை அழைத்துக்கொண்டு போனான். பண்டார் ஹிலிரில் ஒரு பெரிய வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவர் வாயால் நான் பின்னால் கேட்டேன்.

மேசை மேல் ஒரு கால்சட்டை விரித்திருந்ததாம். ஈரம் காயாத சேறு, முழங்காலில் ரத்தம். அதன் அடிப்பக்கமெல்லாம் புல் விதை குத்திக்கொண்டிருந்தது. ஜப்பானை எதிர்த்துக் காட்டில் இருக்கிற கூட்டத்தோடு சேர்ந்த சீனப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். அவன் எதையும் சொல்லாமல் செத்துவிட்டான். பக்கத்திலேயே அண்ணனுடைய தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"இஞ்சே, இது உங்கள் புல். எந்த இடத்துப் புல்?" என்று அதிகாரி கேட்டார்.

அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்த விதையின் முள் செம்பு நிறத்துக்குப் போகும். மற்ற இடங்களில் வைக்கோல் நிறம். அந்த மலையில்தான் அந்தக் கூட்டம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிஷம் புரிந்தது. வழக்கம்போல, தெரியும், சொல்ல மாட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்திருக்கிறார். அப்படிச் சொன்னால் தாளில் எழுதியிருக்கிற எல்லா இடத்துக்கும் சிப்பாய்களோடு லோரி போகும். மலைக்கும் போகும், ஆட்கள் குடியிருக்கிற மலாய்க் கம்பத்துக்கும் போகும். எல்லா இடத்தையும் எழுதிவைத்தவர் அவர்தானே.

ஒரு தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். கைவிடப்பட்ட பழைய ஈயக் குழி. மணல் நிலம். அதன் மூலையில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை என்று.

"இந்த இடம்" என்றார்.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். விதையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வித்தியாசம் அவருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் சொன்னவர் இவர். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நன்றி சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து அண்ணன் நிறையத் தண்ணீர் குடித்ததாக அண்ணி சொன்னாள். 

அந்த வாரமே ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டைத் தேடி வந்தார். பின்னால் கூடையில் சாரோங் துணியால் சுற்றி ஒரு பிள்ளை. அக்காவின் சின்ன மகள் மீனா. மூன்று வயசுகூட நிறையவில்லை. உடம்பெல்லாம் சேறு காய்ந்து, வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் வாசல் படியிலேயே உட்கார்ந்து சொன்னார். லோரிகள் வந்தன. குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஓடினவர்களையும் விடவில்லை. அக்காவும் மூத்த பிள்ளையும் அங்கேயே முடிந்துபோனார்கள். இந்தப் பிள்ளையை யாரோ தண்ணீர்ப் புதருக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்கள். காஜா பெராங்கில் தங்கச்சி இருக்கிறாள் என்று அக்கா எப்போதோ சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு கொண்டுவந்ததாகச் சொன்னார்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. சத்தம் கேட்டு அண்ணனும் அண்ணியும் ஓடி வந்தார்கள். அண்ணி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"எங்கே நடந்தது?" என்று அண்ணன் பெரியவரைக் கேட்டார்.

பெரியவர் இடத்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. "பழைய ஈயக் குழி. வெகு நாளாகச் சும்மா கிடந்தது. பஞ்சம் வந்த பிறகு தமிழாட்கள் வந்து மரவள்ளி போட்டார்கள்" என்றார்.

அண்ணன் திரும்பிப் போனார். நடக்கும்போது வேலியில் மோதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். அண்ணி பின்னாலேயே வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க, வேணாங்க" என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. என் முன்னால் நின்று, கால்சட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

"அந்த இடத்தை நான்தான்மா சொன்னேன். யாரும் இல்லைன்னு நினைச்சுச் சொன்னேன்."

அவர் சொல்லாமலிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. உலகத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது. காலில் கிடந்த கட்டை மிதியடியைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் கையைத் தூக்கவே இல்லை. அண்ணியும் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே மீனா அழ ஆரம்பித்தாள். வந்ததிலிருந்து அவள் போட்ட முதல் சத்தம் அது. நான் மிதியடியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்க ஓடினேன்.

அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணிதான் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழங்கு, கீரை, எங்கேயாவது கிடைத்த முட்டை என்று அவர் கொண்டுவந்து என் படியில் வைத்துவிட்டுப் போவார். நான் எடுத்துச் சமைத்தேன். பசிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்க முடியாது.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற சேதி வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் மலையிலிருந்து அந்தக் காட்டுக் கூட்டத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஜப்பானுக்கு உளவு சொன்னவர்கள் என்று பிடித்துத் திடலில் நிறுத்தி விசாரித்தார்கள். விசாரணை என்றால் ஒன்றிரண்டு கேள்விதான். பிறகு ரப்பர் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். யாரோ அண்ணனைக் கைகாட்டிவிட்டார்கள். கார், சர்க்கரை, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போன அதிகாரி, எல்லாவற்றையும் தெருவே பார்த்திருக்கிறதே.

அண்ணி என்னிடம் ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. "நீ ஒருத்திதான் பேச முடியும். நீ வரமாட்டேன்னு சொன்னாலும் நான் உன்னை ஒன்னும் நினைக்க மாட்டேன்" என்றாள்.

மீனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

திடலில் அவர் கையைப் பின்னால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். விசாரித்தவன் இளைஞன், கண்ணாடிக் காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்தான். மலாயில் கேட்டான்.

"ஜப்பானுக்கு இடம் சொன்னாயா?"

"சொன்னேன்."

"அங்கே ஆட்கள் செத்தார்களா?"

"செத்தார்கள்."

அவ்வளவுதான், ரப்பர் மரங்கள் பக்கம் கொண்டுபோக எழுப்பிவிட்டார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"செத்தது என் அக்கா. இது அவள் பிள்ளை. இவர் உங்களைக் காப்பாற்றத்தான் அந்த இடத்தைச் சொன்னார். மலையடிவாரம் என்று இவருக்குத் தெரியும். உங்களுக்காக மாற்றிச் சொன்னார்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"எந்த மலையடிவாரம்?" என்று அவன் கேட்டான். அண்ணன் சொன்னார். அவன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சீனத்தில் ஏதோ பேசினான். ஒருவன் உச்சுக்கொட்டினான். பிறகு அவன் எங்களிடம் மெதுவாகச் சொன்னான்.

"எங்கள் ஆள் ஒருவன் பிடிபட்டால் அன்றைக்கே நாங்கள் இடத்தை மாற்றிவிடுவோம். அவர்கள் உங்களைக் கேட்டபோது அந்த மலையில் ஒருவரும் இல்லை."

அண்ணன் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது, அக்காவின் உயிருக்கு ஈடாக எங்கேயோ சிலர் பிழைத்திருக்கிறார்கள் என்று. அதுவும் போயிற்று. அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத்தான் அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தோம்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பழைய வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போனார், வேலை கேட்க இல்லை. கூடத்தில் பத்திரமாக இருந்த அந்த ஈயக் குழித் தாளை எடுத்துத் தரச் சொல்லி, மூலையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாராம். அங்கே மக்கள் இருந்தார்கள் என்று. பொறுப்பில் இருந்தவர் நல்ல மாதிரிதான் பேசியிருக்கிறார். எழுதியது அன்றைக்குப் பார்த்தது, அதில் தப்பில்லை, அதைத் தொடக்கூடாது என்றார். அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு போகவே மாட்டேன் என்று நின்றிருக்கிறார். கடைசியில் காவல்காரன் வந்து வெளியே கொண்டுபோய் விட்டான். கூடப் போயிருந்த அண்ணி இதைச் சொன்னபோதுதான் நான் மறுபடியும் அவரோடு பேச ஆரம்பித்தேன். "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்டேன். தலையாட்டினார்.

சயாமுக்குப் போன என் வீட்டுக்காரரும் அத்தானும் திரும்பி வரவில்லை. மீனா இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். அவரை மாமா என்றும் அண்ணியை மாமி என்றும் கூப்பிட்டாள். சம்பவம் எதுவும் அவள் நினைவில் இல்லை. அம்மாவை ஜப்பான்காரன் கொன்றுவிட்டான் என்று மட்டும் தெரியும். அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, புருவத்துத் தழும்பைத் தொட்டு, "இது என்ன மாமா?" என்று கேட்பாள். "அடிபட்டதும்மா" என்பார். அடிபட்டது யாரால் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கல்யாணம் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் நிச்சயமானது. அக்காவுக்கும் எனக்கும் கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. மாமாதான் தாய்மாமனாக நின்று மாலை போட வேண்டும் என்று மீனா பிடிவாதம் பிடித்தாள்.

முதல் நாள் மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். கிழவராகிவிட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவகிட்டச் சொல்லிடறேன்மா. சொல்லிட்டு, அப்புறமும் அவ போடச் சொன்னா மாலையைப் போடறேன்."

"வேண்டாம்ணே."

"தெரியாம அவ எனக்கு முன்னால தலைகுனிஞ்சு நிக்கறது சரியில்லை."

"சரியில்லைதான். உங்க பாரத்தை இறக்கி வைக்க அந்தப் பிள்ளை தலைதான் கிடைச்சுதா? என்கிட்டச் சொன்னீங்க, நான் சுமக்கறேன். அதோட நிக்கட்டும்."

"என்னைப் பொய்யா நிக்கச் சொல்றியா?"

"ஆமா. நில்லுங்க."

 தரையைப் பார்த்தபடி போய்விட்டார். வர மாட்டார் என்று நினைத்தேன்.

வந்தார். அண்ணி துவைத்துக் கஞ்சி போட்ட வேட்டி, மேலே புதுத் துண்டு. மீனா பட்டுச் சேலையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படியே என் அக்கா முகம். அவர் தட்டிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு வந்தபோது, வெளியூரிலிருந்து வந்த குருக்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மாலையை உயர்த்தினார், சில இதழ்கள் மீனாவின் மடியில் உதிர்ந்தன.

"தாய்மாமன்" என்றார்.

மீனா தலையைக் குனிந்தாள்.